தண்ணீர் ஏறாத மனை

அத்தியாயம் ஏழு

“இந்த வீடுதான். நூற்றுக்கு நூறு!” என்றார் ஹேமநாத்.

என் பாஸ் ‘நூற்றுக்கு நூறு’ என்று சொன்னாலே நான் உஷாராகிவிடுவேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரி மாடியில் இருக்கிறது அவருடைய துப்பறியும் ஆபீஸ். நான் குணா. அவருக்கு அசிஸ்டென்ட், டிரைவர், டீ வாங்கி வருகிறவன், கேஸ் சொதப்பினால் திட்டு வாங்குகிறவன். அனுபவத்தில் சொல்கிறேன், அவர் ‘பார்க்கலாம்’ என்று சொன்ன கேஸ்கள் ஓரளவு தேறும். ‘நூற்றுக்கு நூறு’ என்று சொன்னது ஒன்றுகூடத் தேறியதில்லை.

ஆனால் இன்றைக்காவது அவர் சொன்னது பலித்துத் தொலையட்டும் என்று நான் எல்லா சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஃபைபர் படகுக்குக் கீழே இருந்தது முடிச்சூரின் ஒரு தார் ரோடு. ரெட் அலர்ட் கொடுத்து இரண்டாவது நாள். மழை விட்டபாடில்லை. எதிரே நின்ற புது வீட்டின் ஜன்னல் வரைக்கும் தண்ணீர். அதற்குள் ஒரு கிழவர் அடைபட்டுக் கிடக்கிறார் என்பது பாஸின் கணக்கு.

“சார், அந்த மஞ்ச வூட்டு மாடில ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு கைய கைய ஆட்டிக்கினு கீது” என்றார் படகை ஓட்டி வந்த தயாளன். கேளம்பாக்கம் தாண்டி கடலோரக் குப்பத்து மீனவர். மழை என்றதும் மினி லாரியில் படகைப் போட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே வந்து நின்ற மனுஷன். “மொதல்ல அத்த ஏத்திக்கினு வந்துரலாம் சார்.”

“கொஞ்சம் பொறுங்க தயாளன். இங்கே ஆள் இருக்கார். எனக்குத் தெரியும்.”

நான் ஜன்னலை உடைத்து உள்ளே குதித்தேன். ஹால், கிச்சன், இரண்டு பெட்ரூம், பாத்ரூம், பரண் எல்லாவற்றையும் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் மிதந்தன. சிமென்ட் மூட்டைகள் கல்லாகிக் கிடந்தன. மனுஷ வாசனையே இல்லை.

“பாஸ், ஒருத்தரும் இல்லை” என்று கத்தினேன்.

ஹேமநாத் வாசலில் பாதி முழுகியிருந்த விளம்பரப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஸ்ரீ தாயாரம்மாள் நகர். தண்ணீர் ஏறாத மனைகள்.’

அந்தப் பலகையை நம்பித்தான் மோசம் போனோம். விஷயம் இதுதான். முடிச்சூரில் பரம்பரையாக நிலம் வைத்திருப்பவர் துரைராஜ். செத்துப்போன மனைவி தாயாரம்மாளின் பெயரில் இந்த மனைப்பிரிவைப் போட்டவர். ஏரியை ஒட்டி அவருக்கு இன்னும் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் பாதி மகள் தேவதர்ஷினிக்குச் சேர வேண்டியது. அதையும் மனை போட்டு விற்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. ஏரித் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் வீடு கட்டினால் ஜனம் முழுகும், என் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மகள் பிடிவாதம். ‘நான் ஏர் ஓட்டின நெலம், எனக்குத் தெரியாத தண்ணியா?’ என்பது அப்பாவின் வாதம்.

நேற்றுக் காலையிலிருந்து துரைராஜைக் காணோம். சாயங்காலம் போன் வந்தது. பேசியது ரங்கன், முடிச்சூரில் மனை புரோக்கர். “ஒங்கப்பா என்கிட்டதான் கீறாரு. நாளைக்குப் பத்திரத்தோட வர்றேன். கையெழுத்துப் போட்டா வூட்டுக்கு வருவாரு. போலீசுக்குப் போனா வர மாட்டாரு. தண்ணி ஏறாத எடத்துலதான் வச்சிருக்கேன், பயப்படாதீங்க.”

சொந்தப் பெயரைச் சொல்லி, சொந்த போனிலிருந்து பேசி ஆள் கடத்துகிறவனை நான் பார்த்ததே இல்லை. “என்னா தைரியம் பாஸ் இவனுக்கு! ஆதார் கார்டு காப்பி மட்டும்தான் அனுப்பல” என்றேன். அதற்கு பாஸ், “ஓவர் கான்ஃபிடன்ஸ், குணா. அதுவே அவனைக் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் ஏறாத இடம்னு அவன் வாயாலேயே அட்ரஸைச் சொல்லிட்டான் பார்” என்றார்.

இன்று காலையில் பத்திரத்தோடு வந்த ரங்கன் தாம்பரத்தில் ரோட்டைக் கடக்கும்போது, தண்ணீருக்கடியில் யாரோ தோண்டிப் போட்ட பள்ளத்தில் விழுந்தான். மண்டையில் அடி. ஐ.சி.யூ.வில் கிடக்கிறான். கண் திறப்பானா என்றே டாக்டர்களுக்குத் தெரியவில்லை. துரைராஜ் இருக்கும் இடம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தண்ணீரோ ஏறிக்கொண்டே இருக்கிறது. போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது. அவர்களுடைய படகுகள் எல்லாம் ஏற்கெனவே ஜனங்களை ஏற்றிக்கொண்டு அலைகின்றன.

திரும்பும்போது அந்த மஞ்சள் வீட்டுப் பெண்ணை ஏற்றிக்கொண்டோம். வலி எடுத்துவிட்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தயாளன் அதற்கப்புறம் பாஸின் முகத்தையே பார்க்கவில்லை.

பெருங்களத்தூர் மேம்பாலத்தடியில் ஆம்புலன்ஸில் அவளை ஏற்றிவிட்டு மேலே போனோம். தேவதர்ஷினி அங்கேதான் காத்திருந்தாள். ஸ்கூலில் கணக்கு டீச்சர். குடை பிடித்திருந்தும் தொப்பலாக நனைந்திருந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இல்லையா?”

“இல்லை மேடம்” என்றேன்.

“நூறு பர்சென்ட் அங்கதான்னு சொன்னீங்களே சார்! அத நம்பித்தானே வேற எங்கயும் தேடாம இங்க நிக்கறேன்!” அவள் குரல் உடைந்தது. “கையெழுத்துப் போட்டுடறேன்னு நேத்து ராத்திரியே அவன்கிட்ட சொல்லிட்டேன். பத்திரம் வந்திருந்தா கண்ண மூடிட்டுப் போட்டிருப்பேன். பத்திரம் இருந்த பையும் அவனோட பள்ளத்துல போயிடுச்சு. எங்கப்பாவுக்கு நீச்சல்கூட வராது சார்.”

ஹேமநாத் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். பத்து வயது கூடிப்போன மாதிரி இருந்தார். பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

“பாஸ், நீச்சல் தெரிஞ்சவன் தண்ணியில இறங்கினா அதுக்குப் பேரு நம்பிக்கை. தண்ணியே வராதுன்னு பாய விரிச்சுப் படுத்தா அதுக்குப் பேருதான் நீங்க சொன்ன ஓவர் கான்ஃபிடன்ஸ். ரங்கனுக்கு அது இருக்குன்னு கண்டுபிடிச்சீங்க. நம்ம ஆபீஸ்ல யாருக்கு இருக்குன்னு கண்டுபிடிச்சீங்களா?”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

செய்வதறியாமல் பாலத்தைப் பார்த்தேன். ஓரம் முழுக்க வரிசையாகக் கார்கள். 2015 வெள்ளத்தில் வாங்கிய அடிக்கு அப்புறம் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இது கைவந்த கலை. ரெட் அலர்ட் என்றால் முதலில் காரைப் பாலத்தில் ஏற்றுவார்கள், அப்புறம்தான் பால் பாக்கெட் வாங்கப் போவார்கள்.

“மொத்த முடிச்சூரும் இங்கதான் ஏறி நிக்குது. அந்தப் படுபாவி ரங்கன் காரு மட்டும் இல்ல” என்று முணுமுணுத்தேன்.

“என்ன சொன்னே?” ஹேமநாத் சட்டென்று நிமிர்ந்தார்.

“ரங்கன் காரு இல்லேன்னேன். பின்கண்ணாடி முழுக்க தாயாரம்மாள் நகர் விளம்பரம் ஒட்டியிருப்பானே, அது.”

“தாம்பரத்தில் அவன் நடந்து வந்து விழுந்தான். கார் எங்கே?”

“வீட்ல இருக்கும்.”

“இல்ல” என்றாள் தேவதர்ஷினி. “காலைல அவன் வீட்டு வழியாத்தான் வந்தேன். போர்டிகோ காலியா இருந்தது.”

“குணா, முடிச்சூர்க்காரன் மழைக்குக் காரை எங்கே விடுவான்?”

“இந்தப் பாலத்துலதான். வேற எங்க விடுவான்?”

“அவன் கார் இங்கே இல்லை. அப்படியென்றால் தண்ணீர் ஏற ஆரம்பித்தபோது அவன் முடிச்சூரிலேயே இல்லை. வேறே ஏதோ ஊரில் இருந்தான். அந்த ஊர்க்காரங்க எந்தப் பாலத்தில் ஏத்தினாங்களோ அதிலேயே இவனும் ஏத்தியிருக்கான். கார் நிற்கிற பாலத்துக்குப் பக்கத்திலேதான் உங்கப்பா இருக்கார்.”

“எந்தப் பாலம் பாஸ்?”

“அதைத்தான் நீ சொல்லப் போறே. போனை எடு.”

மழை பெய்தால் நம் டிவிக்காரர்களுக்கு இரண்டே காட்சிதான். முழங்கால் தண்ணீரில் மைக்கோடு நிற்கிற நிருபர், பாலத்தில் நிற்கிற கார்கள். மூன்று தலைகளும் என் போன் மேல் கவிழ்ந்தன. வேளச்சேரிப் பாலத்தில் இல்லை. மேடவாக்கத்தில் இல்லை. அடுத்தது கீழ்க்கட்டளை. கேமரா ஒவ்வொரு காராக நகர்ந்தது. ஒரு பின்கண்ணாடியில் மஞ்சள் எழுத்து தெரிந்தது. ‘தண்ணீர் ஏறாத மனைகள்.’

“அதான்! அதான் சார்!” தேவதர்ஷினி என் கையைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் போன் கீழே விழப் பார்த்தது.

“நூற்றுக்கு நூறா பாஸ்?”

“தெரியாது குணா” என்றார் ஹேமநாத். “போய்ப் பார்க்கலாம்.”

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

தயாளனிடம் பாஸே போய்ப் பேசினார். “இன்னொரு தடவை கேக்கறேன். தப்பாகவும் இருக்கலாம்.”

“இதுவும் உன் கணக்குதானா சார்?” தயாளன் பீடியை வீசி எறிந்தார். “உன் பேச்சக் கேட்டு அந்தப் பொண்ண மழையில வுட்டுட்டேன். என் வூட்டுக்காரியா இருந்தா வுடுவேனா? பேஜாராப் போச்சு.” பிறகு தேவதர்ஷினியைப் பார்த்தார். “ஏறும்மா. ஒங்கப்பனுக்காவ வர்றேன். இவருக்காவ இல்ல.”

படகை ஏற்றிக்கொண்டு லாரி ஜி.எஸ்.டி. ரோட்டில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. பல்லாவரத்தில் திரும்பி கீழ்க்கட்டளை மேம்பாலத்தில் ஏறியபோது மழை இன்னும் வலுத்திருந்தது. டிவியில் பார்த்த இடத்திலேயே ரங்கனின் கார் நின்றது. முன்னாலும் பின்னாலும் கார்கள் ஒட்டி நின்றன.

கார் கிடைத்துவிட்டது. அப்புறம்? பாலத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் தெருத்தெருவாகத் தண்ணீர். எந்தத் தெருவில் போய்க் கேட்பது? தேவதர்ஷினி ரங்கன் கார்க் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். வெறும் சீட்டுதான் தெரிந்தது. ஆத்திரத்தில் கண்ணாடியை அறைந்தாள்.

ஹேமநாத் அந்தக் காரைப் பார்க்கவே இல்லை. பின்னால் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குணா, உன் தெருவிலே காரைப் பாலத்துக்கு எப்படி எடுத்துப் போவீங்க?”

“எனக்கு ஏது பாஸ் கார்? நீங்க கொடுக்கற சம்பளத்துக்கு சைக்கிள் பெல்தான் வாங்கலாம்.”

“உன் வீட்டு ஓனர் எப்படி எடுத்துப் போவார்?”

“அசோசியேஷன்ல மெசேஜ் போடுவாங்க. தெருவே ஒண்ணாக் கிளம்பும். ஒண்ணு பின்னாடி ஒண்ணாப் போய்...” பேச்சு எனக்கே நின்றுவிட்டது. வந்த வரிசையிலேயேதானே நிறுத்தியிருப்பார்கள்! ரங்கனுக்கு முன்னால் நிற்பவனும் பின்னால் நிற்பவனும் அதே தெரு.

வெள்ளைக் காரின் கண்ணாடிக்குள், நகர்த்த வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று ஒரு நம்பரை எழுதி வைத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டேன். சுபத்ரா என்று ஒரு அம்மா பேசினார்.

“ஆமா சார், பாலத்த விட்டு இறங்கினா ஏரியை ஒட்டின கடைசித் தெருதான் எங்களது. எல்லாரும் சேர்ந்துதான் கார் எடுத்தோம். எனக்கு முன்னாடி போனவரா? அவர் கடைசி வீட்டை லீசுக்கு எடுத்திருக்கார். கிரவுண்ட் ஃப்ளோர் மட்டும்தான் அது, மாடி கிடையாது. ஏரி ஒடையப் போகுது, வீட்டைக் காலி பண்ணுங்கன்னு சொன்னேன். ‘மூணடி ஒசத்திக் கட்டின வீடு மேடம், தண்ணி வராது, கார நெனச்சாத்தான் பயம்’னு சிரிச்சார்.”

“வீட்டிலே வேற யாராவது இருந்தாங்களா?”

“யாரும் இல்லேன்னுதான் சொன்னார். ஏன் சார், என்ன ஆச்சு?”

போனை வைத்தேன். காருக்குத் தண்ணீர் வரும் என்று பயந்தவனுக்கு, உள்ளே இருந்த மனுஷனுக்கு வரும் என்று தோன்றவில்லையே! ஐ.சி.யூ.வில் கிடக்கிறவனைத் திட்டக் கூடாதுதான். நான் திட்டினேன்.

படகு தெருவுக்குள் போனது. மிதந்து வந்த ஒரு ஃபிரிட்ஜைத் துடுப்பால் தள்ளிவிட்டு, தயாளன் மோட்டாரை அணைத்துக் கையால் வலித்தார். ஏரிப் பக்கமிருந்து தண்ணீர் இழுப்பாக வந்துகொண்டிருந்தது. கடைசி வீட்டின் ஜன்னல் பாதிக்கு மேல் முழுகியிருந்தது. இரும்புக் கிராதி போட்ட ஜன்னல். உள்ளே ஒரே இருட்டு.

“கடப்பாரை எடு. பூட்டை உடைக்கணும்” என்றார் பாஸ்.

நான் தண்ணீரில் குதித்தேன். கழுத்துக்கு வந்தது. கதவைத் தடவினேன். மேலே தடவினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுகிக் கீழேயும் தடவினேன்.

“பாஸ், பூட்டே இல்லை.”

“என்ன?”

“பூட்டு இல்லை. கொண்டியே மாட்டல. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு.”

ஹேமநாத்தின் முகம் மாறியது. அந்த நொடியில் எனக்கும் உறைத்தது. சொந்த போனிலிருந்து பேசுகிற தைரியம் ரங்கனுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. கடத்தப்பட்டவன் புகார் கொடுக்க மாட்டான் என்று தெரிந்தால் எனக்கும்தான் வரும் அந்த தைரியம். படகில் நிற்கிற பெண்ணை எப்படியாவது அப்பால் கூட்டிப்போய்விட வேண்டும் என்று நினைத்தேன். நேரமில்லை. நான் கதவைத் தட்டிய சத்தம் உள்ளே கேட்டுவிட்டது.

“ரங்கா!” உயரத்திலிருந்து, பரணிலிருந்து வந்தது அந்தக் குரல். நடுங்கினாலும் அதட்டலுக்குக் குறைச்சல் இல்லை. “எங்கடா போய்த் தொலஞ்ச? கீழ தண்ணி மாருக்கு மேல வந்துடுச்சுடா! அவ கையெழுத்துப் போட்டாளா, இல்லியா?”

தயாளன் துடுப்பைப் பிடித்தபடியே தலையைக் குனிந்துகொண்டார்.

தேவதர்ஷினி ஜன்னல் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், இந்த ஆள் உயிரோடு கிடைத்தால் போதும் என்று மழையில் நின்ற பெண் அவள். எனக்கு அந்தக் கிழவரை நாலு அறை அறைய வேண்டும்போல் இருந்தது.

“அப்பா” என்றாள்.

உள்ளே சத்தம் நின்றது.

“தர்ஷினியா? நீ எதுக்கும்மா வந்த?” அதட்டல் எங்கேயோ போய்விட்டிருந்தது. “போயிடும்மா. வூட்டுக்குப் போயிடு.”

“கதவத் தொறங்கப்பா. தண்ணி ஏறுது.”

“எந்த மூஞ்ச வச்சிக்கினு தொறப்பேன்? போன்னு சொல்றேன் இல்ல!”

கடப்பாரையால் கதவை இடித்தேன். கால் ஊன்ற இடமில்லாமல் நான்தான் பின்னால் போனேன். தயாளனும் குதித்தார். இரண்டு பேருமாக மோதியும், ஊறிப்போன தேக்குக் கதவு அசைந்து கொடுக்கவில்லை. தண்ணீர் என் மோவாயைத் தொட்டது. ஜன்னலில் இன்னும் ஒரு சாண்தான் மிச்சம். துரைராஜ் சார், உங்களை ஒன்றும் செய்ய மாட்டோம், வெளியே வாருங்கள் என்று ஹேமநாத் தொண்டை கிழியக் கத்தினார். வீம்பு பிடித்த கிழவர் பரணிலேயே உட்கார்ந்திருந்தார்.

தேவதர்ஷினி கைகளால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போது பேசுகிற மாதிரி சாதாரணமாகப் பேசினாள்.

“கையெழுத்துப் போட்டுட்டேன்பா. உங்க இஷ்டப்படியே முடிஞ்சது. வந்து கதவத் தொறங்க.”

பத்திரம் தாம்பரத்துப் பள்ளத்தில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. இவள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

பரணிலிருந்து யாரோ தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. தண்ணீரைத் தள்ளித் தள்ளி, மூச்சு வாங்க, கதவை நோக்கி வரும் சத்தம் கேட்டது.

“நெசமாவாம்மா?” என்ற குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்கப்புறம்தான் தாழ்ப்பாள் விலகியது.